கடைசி பெஞ்சு கேட்ட கேள்விகள்

2008-ஆம் வருஷம், ஆடி முடிந்து ஆவணி பிறந்த சமயம். புதுச்சேரியில் பெரிய மார்க்கெட்டை ஒட்டிய தெரு ஒன்றில் எனக்குப் பூட்டுக் கடை. இன்றைக்கும் அதே கடைதான், பெயர்ப் பலகையை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் ஒரு சந்தேகப் பிராணி. பூட்டு விற்கிறவன் எல்லாரையும் நம்பிவிட்டால் அவன் பூட்டை யார் வாங்குவார்கள்? மாற்றுச் சாவி போட யாராவது வந்தால் எந்த வீடு, யாருடைய சாவி, பழையது எப்படித் தொலைந்தது என்று விசாரித்த பிறகுதான் அரத்தைக் கையில் எடுப்பேன். சோப்புக் கட்டியில் சாவியின் அச்சை எடுத்துக்கொண்டு வருகிறவனை வாசலோடு அனுப்பிவிடுவேன். கடையைச் சாத்திவிட்டுத் தெருமுனை வரை போய், மனசு கேட்காமல் திரும்பி வந்து ஷட்டர் பூட்டை இன்னொரு தடவை இழுத்துப் பார்ப்பேன். மார்க்கெட்டில் இதைச் சொல்லிச் சிரிக்காத ஆள் கிடையாது. சிரித்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிடுவேன்.

என் மகள் அப்போது பெண்கள் பள்ளி ஒன்றில் பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள். அந்த வருஷம் அவர்கள் வகுப்புக்கு அறிவியல் நடத்தப் புதிதாக ஒரு வாத்தியார் வந்தார். சின்ன வயசு, கல்யாணம் ஆகாதவர். என் கணக்கில் அதுவே ஒரு குறை. அவர் வந்த வேகத்தில் வகுப்புக்கென்று இன்டர்நெட்டில் ஒரு வலைப்பூ தொடங்கினார். பிளாக் என்று பிள்ளைகள் சொன்னார்கள். நடத்திய பாடத்தை ஒவ்வொரு பிள்ளையும் தன்னுடைய வார்த்தையில் எழுதி அதில் ஏற்ற வேண்டும். மற்றவர்கள் படித்துவிட்டு அதன் கீழேயே கேள்வி கேட்கலாம், தப்பிருந்தால் சொல்லலாம். வாத்தியார் கடைசியில் வந்து பதில் எழுதுவார், திருத்துவார். போர்டில் எழுதியதை அப்படியே பார்த்து எழுதிக்கொண்டிருந்த என் மகள், ஒரு பாடத்தை எப்படிச் சொன்னால் அடுத்தவருக்குப் புரியும் என்று சோற்றைப் பிசைந்துகொண்டே யோசிக்க ஆரம்பித்தாள்.

நான் கேட்ட முதல் கேள்வி, அதை யார் யார் பார்க்கலாம் என்பதுதான். உலகத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்றாள் பெருமையாக. எனக்கோ கதவே வைக்காத வீட்டில் பெண் பிள்ளையை உட்கார வைத்த மாதிரி இருந்தது.

எங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. பக்கத்து வீட்டில் இருந்தது. அங்கே ஒரு வயசான தமிழ் அம்மா, தெருவில் எல்லாரும் மதாம் என்று கூப்பிடுகிறவர்கள், தனியாக இருந்தார்கள். அவர்களுடைய கணவர் பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்துப் பென்ஷன் வாங்கியவர், காலமாகிவிட்டார். பிள்ளைகள் எல்லாம் பாரிஸ் பக்கம். பேரப் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துப் பேசுவதற்காக மகன் அங்கிருந்தே ஒரு கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து வைத்திருந்தார். அங்கே போய் எழுதட்டுமா என்று மகள் கேட்டாள். கூடாது என்றேன். அடுத்தவர் வீட்டில் வேளை கெட்ட வேளையில் போய் உட்காருவது எனக்குப் பிடிக்காது. தெருமுனையில் பிரௌசிங் சென்டர் இருந்தது, சாயங்காலம் நானே அழைத்துக்கொண்டு போனேன். கேபினுக்கு ஒரு நாற்காலிதான். நான் இன்னொன்றைக் கேட்டு வாங்கி அவள் முதுகுக்குப் பின்னால் போட்டு உட்கார்ந்துகொண்டேன். கழுத்தில் மூச்சுக் காற்று படுகிறது, எழுத வரவில்லை என்று அவள் சிணுங்கினாள். நான் நாற்காலியை ஒரு சாண் பின்னால் தள்ளினேனே தவிர எழுந்துபோகவில்லை.

இரண்டு மூன்று வாரம் இப்படி ஓடியது. ஒருநாள் துருப்பிடிப்பதைப் பற்றி அவள் எழுதியிருந்ததைத் திறந்தாள். கீழே ஒரு கேள்வி வந்திருந்தது. எழுதியவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘கடைசி பெஞ்சு’ என்று இருந்தது. தினமும் திறந்து மூடுகிற பூட்டு அவ்வளவாகத் துருப்பிடிப்பதில்லை, சும்மா கிடக்கிற பூட்டுதான் சீக்கிரம் துருப்பிடிக்கிறது, இரண்டுக்கும் படுவது அதே கடற்காற்றுதானே, பிறகு ஏன் இப்படி என்று கேட்டிருந்தது.

யார் இது என்றேன். வகுப்பில் யாராவது விளையாட்டுக்குப் பெயரை மாற்றி எழுதியிருப்பார்கள் என்றாள். எனக்கு அது ஒட்டவில்லை. உலகத்தில் துருப்பிடிக்க எத்தனையோ சாமான் இருக்கிறது, குறிப்பாகப் பூட்டு எதற்கு? இந்தப் பெண் பூட்டுக் கடைக்காரன் மகள் என்று தெரிந்த எவனோ ஒருவன் ஜாடையாகப் பேசுகிறான். பழைய பக்கங்களையும் திறக்கச் சொன்னேன். அவள் எழுதிய ஒவ்வொன்றின் கீழேயும் அதே கடைசி பெஞ்சு. கேள்விக்குக் கீழே சின்ன எழுத்தில் எழுதிய நேரம் இருந்தது. எல்லாமே ராத்திரி ஒன்றரை, ஒன்றே முக்கால், இரண்டு. ஊரடங்கிய நேரத்தில் தூங்காமல் உட்கார்ந்து ஒருவன் என் மகள் எழுதியதைப் படித்துக்கொண்டிருக்கிறான் என்று நினைத்ததும் கம்ப்யூட்டரை மூடச் சொன்னேன்.

வீட்டுக்கு வந்து குதித்தேன். என் மனைவி தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பிறந்த ஊர் வீராம்பட்டினம் பக்கம். எட்டாவது வரை படித்தவள், மேலே படிக்கப் பஸ் ஏறிப் போக வேண்டும் என்று அவள் அப்பா நிறுத்திவிட்டார். நான் கத்தியதை முழுக்கக் கேட்டுவிட்டு அவள் ஒன்றுதான் சொன்னாள்.

“கேள்விதான கேட்டிருக்காங்க? தப்பா ஒண்ணும் எழுதலியே.”

உனக்கு உலகம் தெரியாது என்று அவள் வாயை அடைத்தேன். இனிமேல் அந்தக் கடைசி பெஞ்சு என் மகள் பக்கத்தில் வந்தால் பள்ளிக்கூடத்தையே ஒரு வழி பண்ணிவிடுவேன் என்று நான் போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டிருக்கும்.

அதற்கு மறுநாளிலிருந்து என் மகள் எழுதியதன் கீழே கடைசி பெஞ்சைக் காணோம். சரி, பயந்துவிட்டான் என்று நினைத்தேன். மற்ற பிள்ளைகளின் பக்கங்களைத் திறந்து பார்த்தால் அங்கே இருக்கிறான்! பால் பொங்கி வழிகிறது, தண்ணீர் எவ்வளவு கொதித்தாலும் அப்படி வழிவதில்லை, ஏன் என்று ஒரு பெண்ணைக் கேட்டிருக்கிறான். மார்கழியில் இட்லி மாவு ஏன் புளிக்க மாட்டேன் என்கிறது என்று இன்னொரு பெண்ணை. பொம்பளை மாதிரி நடிக்கிறான் என்று முடிவு கட்டினேன். அதைவிட என்னை உலுக்கியது வேறொன்று. நான் என் வீட்டுக்குள் பேசியது அவன் காதுக்கு எப்படிப் போயிற்று?

மகளை உட்கார வைத்து விசாரித்தேன். யாரிடமாவது சொன்னாயா, யாராவது வழியில் பேசினார்களா, டியூஷனில் யார் யார் வருகிறார்கள் என்று கேட்ட கேள்வியையே மாற்றி மாற்றிக் கேட்டேன். முதலில் பதில் சொன்னாள், பிறகு அழுதாள், அதற்குப் பிறகு என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டாள். சாப்பாடு வேண்டுமா என்றால்கூடத் தலையை ஆட்டுவதோடு சரி. எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. அவள் பதினொன்றாவதில் அறிவியல் குரூப் எடுக்க வேண்டும் என்று ஆசைப்பட்டுக்கொண்டிருந்தவள். ஆனால் சந்தேகம் வந்துவிட்டால் எனக்குப் பிள்ளை, பெண்டாட்டி எதுவும் கண்ணுக்குத் தெரியாது.

ஒரு செவ்வாய்க்கிழமை கடையைத் திறக்காமல் நேரே பள்ளிக்கூடத்துக்குப் போனேன். தலைமை ஆசிரியை அம்மா வாத்தியாரையும் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். பிளாக்கை மூடுங்கள், இல்லையென்றால் என் மகளுக்கு டி.சி. கொடுங்கள் என்று சொல்லிவிட்டேன். ராத்திரி இரண்டு மணிக்குப் பெண் பிள்ளைகளோடு என்ன பேச்சு என்று வாத்தியாரின் முகத்தைப் பார்த்துக் கேட்டேன். அந்தக் கேள்வி யாரை நோக்கிப் போகிறது என்று அவருக்கும் புரிந்தது. முகம் சிவந்துவிட்டது. அவர் எழுந்துபோய்க் கம்ப்யூட்டரில் வலைப்பூவைத் திறந்து, என் மகளின் பக்கத்தைக் காட்டி, இதை அவள் எப்போது ஏற்றினாள் என்று கேட்டார். நேற்றைக்கு முந்தின நாள் சாயங்காலம், நான்தான் கூடவே உட்கார்ந்திருந்தேனே என்றேன். நேரத்தைப் பாருங்கள் என்றார். விடியற்காலை ஐந்தரை என்று போட்டிருந்தது.

அது அமெரிக்காக் கடிகாரமாம். வலைப்பூ தொடங்கும்போது நம்ம ஊர் நேரத்துக்கு மாற்றி வைக்க வேண்டுமாம், அவர் மறந்துவிட்டார். அவர்களுக்கு நடு ராத்திரி என்றால் நமக்கு மத்தியானம். ஆகக் கடைசி பெஞ்சு கேள்வி கேட்பது ராத்திரி இரண்டு மணிக்கு இல்லை, மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு. அந்த நேரத்தில் பிள்ளைகளும் வகுப்பில் இருக்கிறார்கள், நானும் வகுப்பில் இருக்கிறேன் என்றார் வாத்தியார். இந்தக் கேள்விகளைப் பிள்ளைகள் தேடிப் படிக்கிறார்கள், இதை வைத்துத்தான் நான் வகுப்பையே தொடங்குகிறேன், கொஞ்சம் அவகாசம் கொடுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டார். தலைமை ஆசிரியை அம்மாவுக்குப் பள்ளிக்கூடத்தின் பெயர் கெட்டுவிடுமோ என்ற பயம். ஆள் யார் என்று வெள்ளிக்கிழமைக்குள் தெரியாவிட்டால் மூடிவிடுவோம் என்று முடிவாகச் சொன்னார்கள்.

வாத்தியாரும் இல்லை, மாணவிகளும் இல்லை என்றதும் நான் நிம்மதி அடைந்திருக்க வேண்டும். எனக்கோ சந்தேகம் இடம் மாறி உட்கார்ந்தது. எங்கள் ஊரில் மதியம் ஒரு மணிக்கு மேல் கடைகள் எல்லாம் சாத்திவிடுவோம், சாயங்காலம் நாலு மணிக்குத்தான் திறப்போம். பிரெஞ்சுக்காரன் காலத்துப் பழக்கம் என்பார்கள். நானும் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு ஒரு தூக்கம் போட்டுத்தான் திரும்புவேன். ஊரே ஆபீஸிலும் பள்ளிக்கூடத்திலும் இருக்கிற நேரத்தில் கை ஓய்ந்திருப்பவர்கள் யார்? கடைக்காரர்கள். அப்படியென்றால் அவன் எங்கள் மார்க்கெட்டுக்காரன்.

யோசித்துக்கொண்டே வந்தவன் எதிர்க் கடையைப் பார்த்ததும் நின்றுவிட்டேன். செல்போனுக்குப் பாட்டு ஏற்றித் தருகிற கடை. நடத்துகிறவனுக்குக் கல்யாணம் ஆகவில்லை, மதியம் வீட்டுக்கும் போவதில்லை. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளேயே இருப்பான். கடைக்குள் இன்டர்நெட்டோடு கம்ப்யூட்டர். எனக்குப் பூட்டுக் கடை என்று அவனுக்குத் தெரியும், மகள் எந்தப் பள்ளி என்றும் தெரியும். நான் மார்க்கெட்டில் புலம்புவதெல்லாம் அவன் காதில்தான் முதலில் விழும். எல்லாம் பொருந்தி வந்தது. பொருந்தி வருவதைப் பார்க்க எனக்கு ஒரு சந்தோஷம்கூட இருந்தது.

வியாழக்கிழமை காலையில் கிளம்பும்போது, கடலூருக்குச் சரக்கு பார்க்கப் போகிறேன், மதியம் சாப்பாட்டுக்கு வர மாட்டேன் என்று மனைவியிடம் சொன்னேன். அன்று காலையில் காபி குடிக்கும்போதே வீட்டில் ஒரு கலாட்டா. ஒரு எவர்சில்வர் டம்ளருக்குள் இன்னொன்று போய் இறுக்கமாக மாட்டிக்கொண்டது. நான் இழுத்தேன், தட்டினேன், ஸ்குரூ டிரைவரைக்கூடக் கொண்டுவந்தேன். நசுக்கிவிடப் போகிறீர்கள் என்று அதைப் பிடுங்கிக்கொண்டு போன என் மனைவி, உள் டம்ளரில் பச்சைத் தண்ணீரை ஊற்றி, வெளி டம்ளரை வெந்நீரில் நிறுத்தினாள். கொஞ்ச நேரத்தில் தானாகக் கழன்றது. பூட்டுக் கடைக்காரருக்கு இதுகூடத் திறக்க வரவில்லை என்று மகளிடம் சொல்லிச் சிரித்தாள். பல நாளாக முகம் கொடுத்துப் பேசாத மகளும் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது, ஆனாலும் முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு கிளம்பினேன்.

மதியம் தெரு அடங்கியது. என் கடை ஷட்டரை உள்ளிருந்து முக்கால்வாசி இறக்கிவிட்டு, இடுக்கு வழியே எதிர்க் கடையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெயில் தகரத்தைக் காய்ச்சியது. வேர்த்துக் கொட்டியது. தெருவில் ஈ, காக்கை இல்லை. இரண்டு மணியானதும் பொறுக்க முடியாமல் தெருவைத் தாண்டி, குனிந்து, அவன் ஷட்டருக்குள் தலையை நுழைத்தேன்.

அவன் ஈரத் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு பாயில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். கம்ப்யூட்டருக்கு உறை போட்டு மூடியிருந்தது. என் தலை இடித்து ஷட்டர் சத்தம் போட, அலறியடித்து எழுந்தான். பாதி உடம்பு உள்ளேயும் பாதி வெளியேயுமாக இருந்த என்னைப் பார்த்து அவன் முகம் போன போக்கை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. மதிய நேரத்தில் அடுத்தவன் கடைக்குள் ஊர்ந்து வருகிற பூட்டுக் கடைக்காரனைப் பற்றி யார்தான் நல்லபடியாக நினைப்பார்கள்? நான் சமாளித்துக்கொண்டு, மகள் வகுப்பு வலைப்பூவைப் பார்க்க வேண்டும், அவசரம் என்றேன். நம்பாத பார்வையோடுதான் கம்ப்யூட்டரைப் போட்டுக் கொடுத்தான். பெட்டிக் காசை இடுப்புப் பைக்குள் எடுத்துப் போட்டுக்கொண்டதையும் கவனித்தேன். அதற்குப் பிறகு ஒரு மாதம் மார்க்கெட்டில் நான்தான் சந்தேகத்துக்குரிய ஆள்.

வலைப்பூ திறந்தது. முந்தின நாள் ஒரு பெண், சூட்டில் பொருள்கள் விரிவதைப் பற்றி எழுதியிருந்தாள். கீழே ஒன்றும் இல்லை. இவனும் என் பக்கத்திலேயே கொட்டாவி விட்டுக்கொண்டு நிற்கிறான். எழுந்து போகலாம் என்று நினைத்து, எதற்கும் இருக்கட்டும் என்று அந்தப் பக்கத்தை மறுபடி திறக்கச் சொன்னேன். கடைசி பெஞ்சின் கேள்வி வந்திருந்தது. அப்போதுதான், நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே.

ஒன்றுக்குள் ஒன்று மாட்டிக்கொண்ட டம்ளர்களில், உள் டம்ளரில் பச்சைத் தண்ணீர் ஊற்றி, வெளி டம்ளரை வெந்நீரில் வைத்தால் கழன்று வருகிறது. இரண்டையும் சேர்த்து வெந்நீரில் போட்டால் வருமா, வராதா, ஏன் என்று கேட்டிருந்தது.

நான் அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அந்த டம்ளரைப் பார்த்தவர்கள் நாங்கள் மூன்று பேர். நான் இங்கே இருக்கிறேன். மகள் வகுப்பில் இருக்கிறாள்.

செருப்பை மாட்டினேனா என்றுகூட ஞாபகம் இல்லை. வெயிலில் வீட்டுக்கு நடந்தேன். வாசலுக்கு வந்தால், கதவில் வெளிப்பக்கம் பூட்டு. என் கடையில் இருந்து நானே கொண்டுவந்து கொடுத்த பூட்டு. என்னைக் கடலூருக்கு அனுப்பிவிட்டு வீட்டைப் பூட்டிக்கொண்டு எங்கே போயிருக்கிறாள் என்று என் புத்தி அங்கேயும் வேலையைக் காட்டியது. அந்த நிமிஷம் மனசு எங்கெங்கே போயிற்று என்று எழுத எனக்குக் கை வரவில்லை. அப்போது பக்கத்து வீட்டு ஜன்னலில் இருந்து அவள் குரல் கேட்டது. சத்தம் போட்டு எதையோ படித்துக்கொண்டிருந்தாள், பள்ளிக்கூடத்துப் பிள்ளை படிக்கிற ராகத்தில்.

திரை பாதி விலகியிருந்த அந்த ஜன்னலோரம் நின்று பார்த்தேன். மதாம் பிரம்பு நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்கள் படித்ததெல்லாம் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில், தமிழ் பேச வருமே தவிரப் படிக்க வராது. என் மனைவி கம்ப்யூட்டர் முன்னால் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, வகுப்புப் பிள்ளைகள் எழுதியதை ஒவ்வொன்றாக அவர்களுக்குப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். நடுவே நிறுத்தி, ஒற்றை விரலால் எழுத்தைத் தேடித் தேடி எதையோ தட்டினாள். எங்களுக்குக் கல்யாணம் ஆகிப் பதினேழு வருஷம். அவள் முகத்தில் அப்படி ஒரு களையை நான் பார்த்ததில்லை. ஒரு கணம் வேறு யாரோ என்றுதான் நினைத்தேன்.

நாளைக்கு இதை மூடிவிடப் போகிறார்களாம் என்று அவள் சொன்னது காதில் விழுந்தது.

“நீ போய் உன் புருஷன்கிட்ட சொல்லிடேன்மா,” என்றார்கள் மதாம்.

அவள் சிரித்துவிட்டு அடுத்த பக்கத்தைத் திறந்தாள். நான் சத்தம் இல்லாமல் நகர்ந்துவிட்டேன். கடலூரில் இருக்க வேண்டியவன் ஜன்னலோரம் நின்றேன் என்று எப்படிச் சொல்வது?

நேரே பள்ளிக்கூடத்துக்குப் போனேன். வலைப்பூவை மூட வேண்டாம், டி.சி.யும் வேண்டாம் என்றேன். தலைமை ஆசிரியை அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். இரண்டு நாள் முன்னால் மேஜையைத் தட்டிய ஆள் இன்று வேர்வையில் நனைந்து வந்து வேண்டாம் என்கிறானே, யாராவது மிரட்டினார்களா என்று அவர்களுக்குச் சந்தேகம். என்னைப் போய் விசாரிக்கிறார்களே என்று எனக்குக் கோபம் வந்தது, பிறகு கோபப்பட எனக்கு என்ன தகுதி என்றும் தோன்றியது. ஆள் யாரென்று தெரிந்துவிட்டது, என் வீட்டு ஆள்தான் என்று மட்டும் சொன்னேன். வாத்தியாருக்குச் சட்டென்று புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். நான் அன்றைக்குக் கேட்டதற்கு வருத்தம் தெரிவித்தேன். அவர் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவே இல்லை.

“அவங்கள நிறுத்திடாம கேக்கச் சொல்லுங்க சார்,” என்றார். “பூட்டுக் கேள்விய வச்சி ரெண்டு நாள் பாடம் நடந்துச்சு.”

மறுநாள் வெள்ளிக்கிழமை. வழக்கம்போல மதியம் வீட்டுக்குப் போனேன், சாப்பிட்டேன், பாயை விரித்துப் படுத்தேன். அப்போதுதான் இன்னொன்று உறைத்தது. நான் தினமும் உள்ளே படுத்துத் தூங்க, அவள் கதவை வெறுமனே ஒருக்களித்துவிட்டுத்தான் பக்கத்து வீட்டுக்குப் போயிருக்கிறாள். பூட்டினால் சத்தத்தில் நான் விழித்துக்கொள்வேன் என்று பயம். ஊருக்கெல்லாம் பூட்டு விற்கிறவன் வீடு இத்தனை நாளும் மதியம் முழுக்கத் திறந்தே கிடந்திருக்கிறது. நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு சொன்னேன்.

“போறப்ப கதவ வெளில பூட்டிக்கிட்டுப் போ. நான் தூங்கிட்டுதான் இருப்பேன்.”

பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றது. பிறகு வந்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன், அழுவாள் என்றும் நினைத்தேன். வலைப்பூ இருக்கிறதா, மூடிவிட்டார்களா என்று கேட்டாள். இருக்கிறது என்றேன். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, நான் என்ன வேண்டாம் என்றா சொல்லியிருப்பேன் என்று கேட்டேன்.

“வேணாம்னு சொல்ல மாட்டீங்க,” என்றாள். “சரின்னுடுவீங்க. அப்புறம் தெனமும் நாற்காலியப் போட்டுக்கிட்டு என் பின்னாடி ஒக்காந்துக்குவீங்க.”

அவள் எழுந்து போனாள். வெளியே தாழ்ப்பாள் விழுந்தது, பூட்டு மாட்டியது, சாவி திரும்பியது. என் வீட்டுக்குள் என்னை வைத்துப் பூட்டியது அதுதான் முதல் தடவை. நான் கண்ணை மூடிக்கொண்டு, பக்கத்து வீட்டிலிருந்து குரல் வருகிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் பிரௌசிங் சென்டருக்கு மகளைத் தனியாக அனுப்பினேன். வாசல் வரை வந்து திரும்பிப் பார்த்துவிட்டுப் போனாள். கடைசி பெஞ்சு யார் என்று அவளிடம் நான் சொல்லவில்லை. அதை அவள் அம்மாதான், அந்த வருஷப் பரீட்சை எல்லாம் முடிந்த பிறகு, தானாகச் சொன்னாள். மகள் பதினொன்றாவதில் அறிவியல் குரூப்தான் எடுத்தாள். அடுத்த இரண்டு வருஷத்தில் வாத்தியாருக்குக் காரைக்காலுக்கு மாற்றல் வந்தது, வலைப்பூவில் எழுதுவதும் நின்றுபோயிற்று. அதற்குள் என் மனைவிக்குக் கேள்வி கேட்கிற பழக்கம் நிலைத்துவிட்டது. மகளிடம் கேட்பாள், டாக்டரிடம் கேட்பாள், ரேஷன் கடையில் கேட்பாள். வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வாங்கியபோது, மதாம் வீட்டுப் பிரெஞ்சு விசைப்பலகையில் பழகிய விரலுக்கு இதில் எழுத்தெல்லாம் இடம் மாறிக் கிடக்கிறது என்று ஒரு வாரம் என்னைத்தான் திட்டினாள். அவள் அதன் முன்னால் உட்காரும்போது நான் எழுந்து வாசலுக்கு வந்துவிடுவேன்.

சந்தேகப் புத்தி என்னை விட்டுப் போகவில்லை. இன்றைக்கும் ஷட்டரை இரண்டு தடவை இழுத்துப் பார்க்கிறேன், சோப்பு அச்சுக்காரனைத் திருப்பி அனுப்புகிறேன். ஆனால் மதியம் படுத்திருக்கும்போது வெளியே பூட்டு விழுகிற சத்தம் கேட்டால்தான் எனக்கு நிம்மதியாகத் தூக்கம் வருகிறது. காவலுக்கு உட்கார்ந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு நான் யார் கழுத்தில் மூச்சை விட்டுக்கொண்டிருந்தேன் என்பதை, அந்தச் சத்தம் தினமும் ஒரு தடவை எனக்கு ஞாபகப்படுத்துகிறது.